நாற்காலியை எங்கே போடுவாய்?

எய்யா,

நீ சென்னை பஸ் ஏறி மூன்று நாளாகிறது. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "ம்மா, நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் அந்த வேலைக்குப் போகல. யோசிச்சுச் சொல்லு" என்றாய். சாத்தூர் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. சென்னையில் அறையைக் காலி செய்துவிட்டு வந்து திங்கட்கிழமை சேர வேண்டும். நான் மறுத்தால் இப்போதிருக்கும் பெயின்ட் கம்பெனி லேபிலேயே இருந்துவிடுவாய். இவ்வளவு பெரிய முடிவை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்கு ஜன்னலோரம் சீட்டுப் பிடித்து உட்கார்ந்துவிட்டாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் எனக்கு "ம்", "சரி", "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் வருவதில்லை. அப்பா போனதிலிருந்து நாக்கு அப்படி ஆகிவிட்டது. காலேஜில் இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய கைதான் இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அன்றைக்கு நீ இன்னொன்றும் சொன்னாய். "நான் அப்பா மாதிரிம்மா. கவனமா இருப்பேன்." சாப்பிடும்போது ஒரு தடவை, பெட்டி கட்டும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் நான் பேச்சை மாற்றினேன். கவனம் என்பது ஏதோ மூக்கு, காது மாதிரி பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவது போலவும், அப்பாவுக்கு இருந்தது உனக்கும் வந்துவிட்டது போலவும் நீ பேசினாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வகுப்பில் வேறு மாதிரி பாடம் நடத்திக்கொண்டே வீட்டில் அப்படி நினைத்திருந்தேன்.

என்ன பாடம் என்று உனக்குத் தெரியும். பழைய துன்பியல் நாடகங்கள். ராஜா, அரண்மனை, சாபம், சாவு. உங்க அப்பா அதை "மேடத்தோட ஒப்பாரி கிளாஸ்" என்பார். பிள்ளைகள் எல்லோரும் பரீட்சையில் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: அவனிடம் ஒரு குறை இருந்தது, அதனால் அழிந்தான். அகந்தை, அவசரம், சந்தேகம் என்று ஏதாவது ஒன்று. நான் அதை அடித்துவிட்டு, "முதலில் படம் போடுங்க" என்பேன். அரண்மனைக் கதவு எங்கே, படிக்கட்டு எங்கே, ஊர்ச்சனம் எங்கே நிற்கிறது, வெளியூர்ச் சாலை எந்தப் பக்கம் என்று கோடு போட வைப்பேன். பிறகு ராஜா எந்தக் காட்சியில் எங்கே நிற்கிறான் என்று புள்ளி வைக்கச் சொல்வேன். படிக்கட்டில் சனங்களுக்கு நடுவே நிற்கும்போது அவனுக்கு எல்லார் குரலும் கேட்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தன் குரலும் தலையாட்டுகிறவர்கள் குரலும்தான் கேட்கும். ஆள் அதே ஆள்தான். நிற்கிற இடம் மாறியதும் காது மாறுகிறது, காது மாறியதும் குணம் மாறுகிறது. குறை அவனுக்குள் மட்டும் இல்லை, அந்தக் கட்டடத்துக்குள்ளும் இருக்கிறது என்பேன். மிக நன்றாகச் சொல்கிறோம் என்ற திருப்தி எனக்கு உண்டு.

அந்த நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது. கதவுக்குப் பின்னால் நடக்கும். ஒரு அலறல் கேட்கும், பிறகு யாராவது வெளியே வந்து நடந்ததைச் சொல்வார்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். பட்டாசு ஆலைகள் நிறைந்த தாயில்பட்டியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "எங்க ஊர்லயும் அப்படித்தான் மேடம். சத்தம் மட்டுந்தான் கேக்கும். அப்புறம் யாராச்சும் வந்து சொல்லுவாக." வகுப்பு சிரித்தது. நானும் "வெரி குட், உட்கார்" என்றேன்.

இப்போது அப்பாவைப் பற்றி. நீ சின்ன வயதில் அவரோடு போட்ட சண்டைகளில் பாதி கதவுச் சண்டைதான். எட்டாம் வகுப்பில் உனக்குத் தனி அறை கொடுத்தோம். நீ உள்தாழ்ப்பாள் போட்டாய். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் அவர் திருப்புளி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நீ அன்று சோறு தின்னவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் பின்வாசலைத்தான் தேடும். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் அடுக்கிய நாற்காலிகளை இவர் போய் நகர்த்துவார், பெண்வீட்டார் இவரைப் பந்தல்காரர் என்று நினைத்து இலை கேட்பார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சு, கதவோரம். பாஸ்டர் ஐயாவுக்கு அதில் வருத்தம், விசுவாசம் குறைந்த மனுஷன் என்று. "விசுவாசம் இருக்குய்யா, வழியும் வேணும்லா" என்பார் அப்பா. நம் வீட்டில் பகல் முழுக்க ஒரு கதவும் சாத்தியிருக்காது. தெரு நாய் நேராக உள்ளே வந்து பின்வாசல் வழியாக வெளியே போகும்.

திருத்தங்கல் தாண்டி அவர் வேலை பார்த்த கம்பெனியில் முகப்பைத் தாண்டியதும் ஒரு பெரிய புங்கமரம் உண்டு. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் அவருடைய ஆபீஸ். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆயுதபூஜைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அறைகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டித் தனியாக நிற்கும். ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததற்குப் போகக்கூடாது என்றுதான் அந்த இடைவெளி. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராகக் கதவுகள், உள்ளே இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. மரத்தடி நாற்காலியிலிருந்து பார்த்தால் அத்தனை கதவுகளும் தெரியும். ஆடி மாதக் காற்று வந்தால் அங்கே ஒரே பிரச்சினை. காற்றில் வெடிமருந்து பறக்கும், காகிதம் பறக்கும். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் நேரம். உள்ளே இருக்கும் பெண்கள் காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமல் இருக்கக் காலிப் பெட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவசரத்துக்கு வெளியேற வைத்த கதவு அது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மருந்து கண்ணில் விழுவது இப்போது நடப்பது, மற்றது எப்போதோ நடப்பது. அப்பா மரத்தடியிலிருந்தே ஒரு சத்தம் போடுவார், கதவு திறந்துகொள்ளும். அவர் கவனம் என்று நீ சொல்வது அதைத்தான்.

பிறகு முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஆபீஸைப் புதுப்பித்துக் கண்ணாடி போட்டு, ஏ.சி. வைத்து, உள்ளே அப்பாவுக்கு என்று ஒரு தனி அறையும் மேசையும் கொடுத்தார். "இம்புட்டு வருசமா வெயில்ல கெடந்தீக, இனிமே உள்ள உக்காருங்க" என்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாராம். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. அன்று இரவு நான் கேசரி கிண்டினேன். நீ காலேஜ் லீவில் வந்து அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாய். நாம் சந்தோஷப்பட்டதில் தப்பு இருந்ததாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. வெயிலில் கிடந்த மனிதர் நிழலுக்கு வந்தால் எந்தக் குடும்பமும் கேசரிதான் கிண்டும்.

ஆனால் ஏதோ மாறியது. அந்த மாற்றம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். முன்பெல்லாம் சாப்பிடும்போது அவர் பேச்சில் ஆட்கள் வருவார்கள். மாரி மகளுக்குக் காய்ச்சல், பேச்சி இன்றைக்கு மல்லிகைப்பூவை இரும்பு ஊசியால் குத்தி வந்து அவரிடம் திட்டு வாங்கினாள், இப்படி. மேசை வந்த பிறகு நம்பர்கள் வர ஆரம்பித்தன. "ஏழாம் நம்பர் ரூம்ல இன்னைக்கு லேட்டு. பன்னெண்டுல ஆள் குறையுது." நான் கவனித்தேன், பதவி உயர்ந்தால் பேச்சும் உயரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். போன் ஓயாமல் அடித்தது, லோடு கிளம்பிவிட்டதா, லாரி வந்துவிட்டதா என்று. ஒரு நாள் மத்தியானம் படுக்கும்போது கொசு வருகிறது என்று எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். நம் வீட்டில் அவர் கையால் ஒரு கதவு சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சார், வழி வேண்டாமா?" என்றேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

அது நடந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி எந்தப் பக்கம் என்று காதைக் கொடுத்தோம், பிறகு பாடத்தைத் தொடர்ந்தோம். மணி அடிக்கும் முன் ஆபீஸ் பியூன் வந்து கதவருகில் நின்றார். உள்ளே வரவில்லை. "மேடம், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். நான் சாக்பீஸைப் பெட்டியில் வைத்து மூடினேன், கையைத் துடைத்தேன், வருகைப்பதிவை எடுத்துக்கொண்டேன். இதெல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதன்பின் நீ வந்து என் தோளைப் பிடிக்கும்வரை நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான், அழவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக் கதவுகளையெல்லாம் சாத்தியே வைத்திருக்கிறேன் என்று நீ வரும்போதெல்லாம் முணுமுணுப்பாய். திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்பா தொழிலாளியைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுத்தார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நீ அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறாய். அது பொய் இல்லை. ஆனால் மாரி எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொன்னதில்லை. வெடித்த அறையில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு வந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதம் கழித்து, கையில் கட்டோடு நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை, நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"காத்து அப்படி அடிச்சது டீச்சர். கதவ அடச்சு, பெட்டிய அடுக்கி முட்டுக் குடுத்துட்டோம். சார் மரத்தடியில இருந்தப்ப அப்படிச் செய்வமா? 'ஏலா, கதவ அடச்சது யாரு'ன்னு அங்கனருந்தே ஒரு சத்தம் குடுப்பாக. ஏ.சி. ரூமுக்குப் போனதுல இருந்து சத்தம் போட ஆளில்ல. எங்களுக்கும் அது பழகிப்போச்சு."

"அன்னைக்கு மட்டும் ஏன் வந்தாக?" என்று கேட்டேன்.

"கரண்டு போச்சு டீச்சர். ஜெனரேட்டரும் ஓடல. வேர்த்துப்போயி வெளிய வந்தாக. வந்தவுக பழைய பழக்கத்துல மரத்தடியில வந்து நின்னாக போல. எங்க கதவு கண்ணுல பட்டிருக்கு. வேகமா வந்து வெளியருந்து தள்ளுனாக. நான் எந்திரிச்சு எதுத்த கதவு வழியா வெளிய வந்து சுத்தி வந்தேன். 'நீ வெளிய நில்லு மாரி, நான் எடுக்கேன்'னு சொல்லிட்டு நான் வந்த கதவு வழியா உள்ள போயி பெட்டிய இழுத்தாக. அம்புட்டுத்தான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பெட்டியை இழுத்ததில் எதுவும் உரசியதா, அல்லது உள்ளே வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. விசாரிக்க வந்தவர்களுக்கும் தெரியவில்லை. நான் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். மாரியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "பேர் சொல்லித்தான் கூப்பிட்டாகளா?" "ஆமா டீச்சர். மாரின்னுதான் சொன்னாக" என்றாள். நான் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன், அவள் அப்படியே குடித்தாள்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? உன்னிடமிருந்து அந்தப் பேப்பரைப் பிடுங்கவா? இல்லைய்யா. அவர் போனார் என்பது உண்மை. பெண்ணை வெளியே நிற்கவைத்துவிட்டுத் தான் உள்ளே போனார் என்பதும் உண்மை. ஆனால் மின்சாரம் இருந்திருந்தால் அவர் உள்ளேயே இருந்திருப்பார், அந்தக் கதவும் மூடியே கிடந்திருக்கும் என்பதும் அதே அளவு உண்மை. மேசையில் இருந்த மனிதரும் மரத்தடியில் நின்ற மனிதரும் ஒரே ஆள்தான். மேசையில் இருக்கும்போது அவருக்கு மாரி ஒரு நம்பர். மரத்தடிக்கு வந்து நின்றதும் அவள் மறுபடி மாரி ஆகிவிட்டாள். நான் வருஷா வருஷம் படம் போடவைத்து நடத்திய பாடம் என் வீட்டில் நடந்தது. நான் கேசரி கிண்டினேன். அதனால்தான் நீ "அப்பா மாதிரி கவனமா இருப்பேன்" என்றபோது நான் பேச்சை மாற்றினேன். எந்த அப்பா மாதிரி?

உனக்கு "வேண்டாம்" என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதும் முன் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. நேற்று பஸ் ஏறி சாத்தூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் உன் கம்பெனிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ தடுத்திருப்பாய். வாசலில் செல்போனையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேனேஜர் சின்ன வயசுக்காரர். "சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனேம்மா" என்று உள்ளே கூட்டிப்போனார். உனக்கான அறையைக் காட்டினார். மேசை, சுழல் நாற்காலி, ஏ.சி., சுவரில் ஒரு பெரிய டி.வி. "உக்காந்து பாருங்கம்மா. இங்கன இருந்தே எல்லா ரூமும் தெரியும், காமிரா வச்சிருக்கோம்" என்றார். உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக அறைகள் தெரிந்தன. ஜன்னல் வழியாகத் தெரிந்தது லாரி வந்து நிற்கும் இடம் மட்டும்.

"இதுல காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார், நான் விளையாட்டாகக் கேட்கிறேன் என்று நினைத்து. பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து டீ சொல்லப் போனார்.

சுற்றிப் பார்க்கலாமா என்றதற்குக் கூடவே வந்தார். ஆடிக் காற்று சேலையைப் பிடுங்கியது. மூன்றாவது அறையைத் தாண்டும்போது பார்த்தேன், காற்றடிக்கும் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. மறுபக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தால், உள்ளே கதவை ஒட்டிக் காலிப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. என் கால் நின்றுவிட்டது. நெஞ்சில் எதுவும் அடிக்கவில்லை, பதறவில்லை, வழக்கம்போல மரத்துத்தான் இருந்தது. ஆனால் வாய் தானாகப் பேசியது. "ஏம்மா, அந்தப் பெட்டிய எடுத்துட்டுக் கதவத் தொறங்க." உன் வயதுகூட இருக்காது, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு. ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாருக்கா?" என்றாள்.

"புது போர்மேனோட அம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான் போலிருக்கிறது. அவள் எழுந்து பெட்டியைப் பிடித்து இழுக்கப் போனாள். "இழுக்காத தாயி, தூக்கி எடு. ஒவ்வொண்ணா எடு" என்றேன். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தாள். கதவு திறந்தது. மேனேஜர் பக்கத்தில் முகம் வெளுத்து நின்றார். திரும்பி நடக்கும்போது, "வெளிய ஒரு நாற்காலி போட்டா ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டேன். "எதுக்கும்மா வெயில்ல?" என்றவர், அந்த அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தம்பி வந்து எங்கன வேணும்னாலும் போட்டுக்கிடட்டும்மா" என்றார். அங்கே புங்கமரம் இல்லை. ஒரு வேம்பு இருக்கிறது, நிழல் கொஞ்சம் போதாது. தொப்பி வாங்கிக்கொள்.

போ. நீ போகாவிட்டால் அந்தச் சுழல் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்கள், அந்தப் பெண் மறுபடி பெட்டியை அடுக்குவாள். முதல் நாள் போனதும் நீ செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு நாற்காலியை வெளியே கொண்டுபோய்ப் போடுவது. எல்லாக் கதவும் தெரிகிற இடம் எது என்று நடந்து பார்த்துப் போடு. உன்னை உள்ளே கூப்பிடுவார்கள், அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். கால் வலிக்கும், சீசனில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், நிழலாக ஒரு அறை திறந்திருக்கும். நீ நல்லவன் என்பது அப்போது உன்னைக் காப்பாற்றாது. அப்பாவைவிட நல்லவனாக நீ இருக்க முடியாது. உனக்குள் அந்தப் பெண்களின் பேர் மறந்துபோய் நம்பர் வர ஆரம்பிக்கிற அன்றைக்கு அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. சோறு இருக்கிறது, வீடு இருக்கிறது. காலையில் பின்வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போய் வர மாட்டேன் என்றது, தேங்காயெண்ணெய் விட்டுத்தான் திறந்தேன். திறந்தே கிடக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி உன் கம்பெனிக்கு வருவேன். நேராக உன் ஏ.சி. அறைக்குத்தான் வருவேன். அந்தச் சுழல் நாற்காலி காலியாக இருக்க வேண்டும். காலி நாற்காலியைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும், பியூன் வந்து கதவருகில் நின்றது ஞாபகம் வரும். இருக்கட்டும், நான் பயப்பட்டுக்கொள்கிறேன். வெளியே வந்து வேம்படியில் நிற்பேன். நீ ஏதாவது ஒரு அறைப் பக்கமிருந்து, "நீ எப்பம்மா வந்த?" என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்க்க நடந்து வரவேண்டும்.

அம்மா